முகம் பார்த்த காசு

பிரசவ ஆஸ்பத்திரி வாசல் ஆயாவுக்குச் சிமிட்டி தரவேண்டிய கடன் ஐந்நூறு. பத்திரம் கிடையாது, வட்டி கிடையாது, சாட்சி கிடையாது. முதல் பிள்ளையின் முகத்தைக் கொண்டுவந்து காட்டியதற்கான காசு. பதினோரு வருஷம் அது அடைபடாமல் கிடந்தது. கையில் இல்லாமல் இல்லை. கொடுக்கப் போன ஒவ்வொரு தடவையும் ஆயா கையை நீட்டவில்லை. ஊரில் எல்லாருடைய பிள்ளைக்கும் வாங்குகிறவள் என் பிள்ளைக்கு மட்டும் வாங்காவிட்டால், என் பிள்ளை பிறக்கவே இல்லை என்றல்லவா ஆகிறது என்பது சிமிட்டியின் வாதம். அந்த வாதத்தை அவள் கடைசிவரை விடவில்லை.

சிமிட்டி என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை, கட்டட வேலையில் சம்பாதித்த பெயர். சித்தாளாக வந்த மூன்றாம் மாசம், ஆம்பளைகளே முக்கி முனகித் தூக்கும் முழுச் சிமெண்டு மூட்டையைத் தலையில் வாங்கி, கைப்பிடிச் சுவர் இல்லாத படியில் மூன்று மாடி ஏறி, இறக்கி வைத்துவிட்டு, "அடுத்தது எங்க?" என்று கேட்டாளே, அன்றைக்கு வந்த பெயர். "மூட்டைக்குக் காலு முளைச்சு மாடியேறுது பாருங்கடா" என்றார் கொத்தனார். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள்தான். ஆனால் ஓர் அறையைப் பார்த்த மாத்திரத்தில், தளத்துக்கு எத்தனை சட்டி மணல், எத்தனை சட்டி ஜல்லி என்று சொல்லிவிடுவாள். இன்ஜினியர் காகிதத்தில் கணக்குப் போட்டு முடிப்பதற்குள் இவள் கலவையே போட்டு முடித்திருப்பாள். உள்ளதைச் சொன்னால் அது பெருமை பேசுகிற மாதிரிதான் இருக்கும், அதற்கு என்ன செய்வது.

அவளிடம் இன்னொரு குணமும் இருந்தது. வலிக்கிறது என்று வாயைத் திறக்க மாட்டாள். ஒரு தடவை பலகையில் நீட்டிக்கொண்டிருந்த ஆணி செருப்போடு சேர்த்துக் குதிகாலைத் தைத்துவிட்டது. தலையில் இருந்த கலவைச் சட்டியை மேலே கொடுத்து, காலிச் சட்டியையும் கையில் வாங்கிக்கொண்டுதான் உட்கார்ந்து ஆணியைப் பிடுங்கினாள்.

"ஏம்மா, கத்தினாத்தான் என்ன, காசா கேக்கப்போறோம்?" என்றார் கொத்தனார்.

"கத்தினா ஆணி தானா வெளிய வந்துருமாண்ணே?" என்றாள்.

அந்தப் பதில் அந்தக் கட்டடத்தில் ஒரு மாசம் ஓடியது. கூலி வேலைக்காரிக்கு நகையா நட்டா, இப்படி ஒன்றிரண்டு பேச்சுதான் கழுத்துக்கு அழகு. அவளும் அதைக் கழற்றாமல் போட்டுக்கொண்டு திரிந்தாள்.

அதே கட்டடத்தில் கம்பி கட்டுகிறவனைக் கட்டிக்கொண்டாள். அவனும் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற ஆள். "ரெண்டும் சேர்ந்து குடித்தனம் பண்ணா வீட்டுல கடிகாரச் சத்தந்தான் கேக்கும்" என்பாள் மாமியார். ஒரு சாப்பாட்டுக்கடையில் பாத்திரம் தேய்க்கிற அந்த அம்மாள், வீட்டில் மூன்று பேர் பேச்சையும் ஒருத்தியாகப் பேசி ஈடுகட்டினாள். சிமிட்டி முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த நாளிலிருந்து, கடைக்காரர் கொடுக்கும் பஸ் காசை மிச்சம் பிடித்து நடந்தே வீட்டுக்கு வந்தாள். எதற்கு என்று கேட்டால், "முகம் பாக்க வேணாமா?" என்பாள்.

அந்தப் பெரிய பிரசவ ஆஸ்பத்திரியில் எல்லாம் இலவசம் என்று சுவரில் ஆள் உயரத்துக்கு எழுதியிருக்கும். அந்த எழுத்துக்கு நேர் கீழேதான் வாசல் ஆயாவின் ஸ்டூல். பிரசவ அறைக்குள் சொந்தக்காரர் யாரும் போகக்கூடாது. பிள்ளை பிறந்தால் ஆயாதான் துணியில் சுற்றித் தூக்கி வருவாள். கதவு பாதி திறக்கும். முதலில் கை வரும், பிறகுதான் பிள்ளை வரும். ஆம்பளப் பிள்ளைக்கு ஐந்நூறு, பொம்பளப் பிள்ளைக்கு முந்நூறு. பேரம் கிடையாது. அழுது மூக்கைச் சிந்தினாலும் ஐம்பது குறைக்க மாட்டாள். திட்டாதவர் இல்லை, கொடுக்காதவரும் இல்லை. மாமியார் ஐந்நூறாகவே சேர்த்து வைத்தாள். "பொண்ணு பொறந்தா மிச்சம் இருநூறுக்குப் புள்ளைக்குச் சட்டை" என்பது அவள் திட்டம்.

வலி எடுத்தது ஒரு திங்கட்கிழமை விடிகாலை. ஆறு மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் நின்றார்கள். சிமிட்டி ஒரு பையில் பழைய வேட்டித் துணி நாலு கிழிசலும், தன் சும்மாட்டுத் துணியும் எடுத்து வைத்திருந்தாள். தலையில் சுமை ஏற்றும்போது சுருட்டி வைத்துக்கொள்ளும் அந்தத் துணி இல்லாமல் அவள் எங்கும் போனதில்லை. நர்ஸ் வயிற்றில் குழாய் வைத்துக் கேட்டாள். "துடிப்பு நல்லா இருக்கு. மொத பிரசவம், நேரமாகும். ஒம்பதாம் நம்பர்" என்றாள். அந்த நிமிஷத்திலிருந்து சிமிட்டி ஒன்பதாம் நம்பர்.

உள்ளே பன்னிரண்டு கட்டில், பத்தொன்பது பேர். சில கட்டிலில் இரண்டு பேர் தலைமாற்றிப் படுத்திருந்தார்கள், மூன்று பேர் தரையில். நர்ஸ் இரண்டு பேர். டாக்டரம்மா ஆபரேஷன் அறைக்குள் போனவர் வெளியே வந்தபாடில்லை. சத்தம் என்றால் அப்படி ஒரு சத்தம். அம்மாவைக் கூப்பிடுகிறவள், புருஷனைத் திட்டுகிறவள், இனிமேல் அவன் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டேன் என்று சத்தியம் செய்கிறவள். எட்டாம் நம்பரில் ஒரு தையல்காரன் பெண்டாட்டி. அவள் கத்தியதில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"கொஞ்சம் மெதுவாக் கத்து தாயி, உன் புள்ளையே பயந்து உள்ள போயிரும்" என்றாள் ஆயா.

நர்ஸுகள் கத்துகிறவளிடம் ஓடினார்கள், பார்த்தார்கள், அடுத்துக் கத்துகிறவளிடம் ஓடினார்கள். அந்த அறையில் வேலை நடந்த விதமே அதுதான். பத்தொன்பது பேருக்கு இரண்டு பேர் வேறு எப்படி ஓட முடியும்? சத்தம் எங்கே பெரிதோ அங்கே பிள்ளை கிட்டே என்று கணக்கு.

சிமிட்டி சும்மாட்டுத் துணியைப் பல்லில் கடித்துக்கொண்டாள். வலி வந்தபோதெல்லாம் மூன்று மாடிப் படியை மனசுக்குள் ஏறினாள். ஒவ்வொரு படியாக எண்ணி, மேலே போய் இறக்கி வைத்துவிட்டு வந்தாள். ஆயா அந்தப் பக்கம் போகும்போது கேட்டாள், "ஏம்மா ஒம்போது, வலிக்குதா?"

துணியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "பரவால்ல ஆயா" என்றாள்.

பத்து மணிக்கு நர்ஸ் எட்டாம் நம்பரிடம் சொன்னாள். "பக்கத்துக் கட்டில்ல இருக்கற பொண்ணப் பாரு. அதுக்கும் மொத பிரசவந்தான். வாயத் தொறக்குதா? எவ்ளோ தைரியமாப் படுத்திருக்கு."

"அவ மனுஷியா மரக்கட்டையா தெரியல சிஸ்டர், எனக்கு உசுரு போகுது" என்றாள் தையல்காரன் பெண்டாட்டி.

அத்தனை பேருக்கு நடுவில், வெள்ளைச் சட்டை போட்ட படித்த பெண் ஒருத்தி தன்னைக் காட்டி அப்படிச் சொன்னது சிமிட்டிக்கு மெடல் குத்திய மாதிரி இருந்தது. அதற்குமேல் அவள் எப்படிக் கத்துவாள்? ஒரு மணி நேரம் கழித்து வலி வேறு மாதிரி ஆனது. இடுப்புக்குக் கீழே யாரோ கடப்பாரை போட்டு நெம்புவது போல. தொடை நனைந்தது. கூப்பிடலாமா என்று ஒரு தரம் நினைத்தாள். எட்டாம் நம்பரைச் சுற்றி இரண்டு நர்ஸும் நின்றிருந்தார்கள். அவர்கள் முடிக்கட்டும் என்று காத்திருந்தாள். ஆயா மறுபடி வந்தாள். மறுபடி கேட்டாள். மறுபடி "பரவால்ல". மூன்றாம் தடவை கேட்டபோது தலையை மட்டும் ஆட்டினாள்.

எட்டாம் நம்பருக்கு ஆம்பளப் பிள்ளை பிறந்து, அது வீல் என்று கத்தி, ஆயா அதைத் தூக்கிக்கொண்டு கதவுப் பக்கம் போனபோதுதான் ஒரு நர்ஸ் சும்மா திரும்பினாள். சிமிட்டியின் கட்டிலுக்குக் கீழே தரையைப் பார்த்தாள். தரையில் சொட்டியிருந்த நீர் பச்சையாக இருந்தது. பிள்ளை உள்ளேயே மூச்சுத் திணறுகிறது என்பதற்கு அது அடையாளம். அதற்கப்புறம் அந்த நர்ஸ் நடக்கவில்லை, ஓடினாள். "எவ்ளோ நேரமா இப்படி இருக்கு? ஏம்மா சொல்லல? வாய் இல்லையா உனக்கு?" என்று திட்டிக்கொண்டே கையைப் போட்டாள். டாக்டரம்மா கையுறையோடு ஓடி வந்தார். அமுக்கினார்கள், இழுத்தார்கள், அறுத்தார்கள். பிள்ளை வெளியே வந்தது. கழுத்தில் கொடி இரண்டு சுற்று.

பிள்ளை அழவில்லை. அந்த முதல் கணத்தில் சிமிட்டிக்கு என்ன தோன்றியது தெரியுமா? இதை அவள் பல வருஷம் ஒருவரிடமும் சொல்லவில்லை. எட்டாம் நம்பர் பிள்ளை மாதிரி ஊரைக் கூட்டவில்லை, என் பிள்ளை என்னை மாதிரி என்று தோன்றியது. பெருமையாக இருந்தது. மேசையைச் சுற்றி நின்ற மூன்று முதுகுகளையும் அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். குழாய் வைத்தார்கள், முதுகைத் தேய்த்தார்கள், பாதத்தைத் தட்டினார்கள். சுவர்க் கடிகாரத்தில் பெரிய முள் நாலிலிருந்து எட்டுக்குப் போனது. அதற்கப்புறம் ஒரு முதுகு நிமிர்ந்தது. டாக்டரம்மா நேரம் சொன்னார், நர்ஸ் எழுதினாள்.

"புள்ளையக் காட்டுங்க" என்றாள் சிமிட்டி.

"வேணாம்மா, பாக்காத. பாத்தா மனசு விட்டுரும்" என்றாள் நர்ஸ். துணியில் சுற்றிப் பக்கத்து அறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அவள் ஒவ்வொருத்தரிடமாகக் கேட்டாள். தையல் போடுகிறவரிடம் கேட்டாள், தரை துடைக்கிறவளிடம் கேட்டாள். அன்றைக்கும் சத்தமாகக் கேட்கவில்லை. கடைசியில் ஆயா வந்து நின்றாள்.

"ஆயா, நீங்கதான முகம் காட்டுவீங்க?"

ஆயா பக்கத்து அறைக்குள் போனாள். நர்ஸ் முறைத்ததைக் கண்டுகொள்ளாமல் பிள்ளையைத் தூக்கி வந்து சிமிட்டியின் மார்போடு வைத்தாள். தலையைச் சுற்றித் துணி. முகம் மட்டும் தெரிந்தது. தூங்குகிற பிள்ளைதான். மூக்கு அப்படியே கம்பி கட்டுகிறவன் மூக்கு. சிமிட்டி எத்தனை நேரம் பார்த்தாள் என்று அவளுக்கே தெரியாது. யாரோ கூப்பிட்டார்கள். ஆயா பிள்ளையை வாங்கிக்கொண்டாள்.

வெளியே கதவு பாதி திறந்தது. மாமியார் ஐந்து நூறு நோட்டையும் விசிறி மாதிரி பிடித்துக்கொண்டு முதல் ஆளாக நின்றாள். "ஆம்பளப் புள்ளையா ஆயா? எனக்குத் தெரியும், இந்தாங்க" என்று வாயெல்லாம் பல்லாக நீட்டினாள். ஆயா அவள் கையைப் பிடித்து நோட்டோடு சேர்த்து விரல்களை மடக்கினாள். "உள்ள வைம்மா. இதுக்கு வாங்குறதில்ல" என்றாள். பின்னால் நின்ற மகன் கையில் கட்டுக்கம்பித் துண்டு ஒன்று இருந்தது. அதை விரலில் சுற்றிச் சுற்றி, ரத்தம் கட்டுகிற வரைக்கும் சுற்றினான். சாயங்காலத்துக்குள் அவனே கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்தான்.

மூன்று நாள் சிமிட்டியைப் பிள்ளை பெற்றவர்களோடுதான் போட்டிருந்தார்கள், வேறு இடம் இல்லை. மூன்றாம் நாள் பால் கட்டி மார்பு கல்லாகியது. துணியால் இறுக்கிக் கட்டிவிட்டார்கள். எந்தப் பிள்ளை அழுதாலும் அந்தத் துணி நனைந்தது.

மாமியார் வந்து உட்கார்ந்தபோது, "ஆயாவுக்குக் காசு குடுத்தீங்களா அத்தை?" என்று கேட்டாள்.

"வாங்கலடி."

"ஏன்? ஆம்பளப் புள்ளதான?"

"அதுக்கெல்லாம் வாங்க மாட்டாங்களாம்."

"அதுக்குன்னா எதுக்கு?"

மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த ஐந்நூறைச் சிமிட்டி கேட்டு வாங்கித் தனியாக முடிந்து வைத்தாள். அடுப்பெரியாத நாளிலும் அதில் கைவைக்கவில்லை.

இரண்டு வருஷம் கழித்து மறுபடி அதே ஆஸ்பத்திரி. சீட்டு எழுதுகிற நர்ஸ் எத்தனாவது பிரசவம் என்றாள். சகுனத்துக்குப் பயந்து மாமியார் முந்திக்கொண்டு, "மொதல் பிரசவம்மா" என்றாள்.

"ரெண்டாவது" என்றாள் சிமிட்டி. "மொத பையன்."

"உயிரோட எத்தனை?"

நர்ஸ் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தானே ஒரு கட்டத்தில் சைபர் போட்டாள். சிமிட்டிக்கு எழுத்து அரைகுறை, எண் முழுசாகத் தெரியும்.

அந்தத் தடவை அவள் வாசலிலிருந்தே கத்தினாள். கட்டிலில் ஏற்றுவதற்கு முன்னாலேயே கத்தினாள். நர்ஸ் ஓடி வந்து, "வலி வந்துருச்சா?" என்றாள்.

"இன்னும் வரல சிஸ்டர்."

"அப்புறம் ஏம்மா கத்துற?"

"வரும்ல."

அறையே சிரித்தது. அவள் நிறுத்தவில்லை. தொண்டை கட்டுகிற வரைக்கும் கத்தினாள். பொம்பளப் பிள்ளை, குரலைப் பார்த்தால் ரயிலுக்கு ஊதல் வேண்டாம். சிமிட்டி சொல்லி வைத்தபடி மாமியார் பழைய ஐந்தையும் சேர்த்து எட்டு நூறு நோட்டு நீட்டினாள். ஆயா எண்ணி மூன்றை எடுத்துக்கொண்டு ஐந்தைத் திருப்பினாள். "பழைய கணக்கு எனக்குத் தெரியாது" என்றாள். அதற்கப்புறம் வேறு யார் பிரசவத்துக்குப் போனாலும் சிமிட்டி அந்த ஸ்டூலுக்கு முன்னால் நின்றாள். ஆயா எழுந்து உள்ளே போய்விடுவாள்.

காலம் நின்றா விடும். சிமிட்டி சித்தாளாகவே கிடக்கவில்லை. ஐந்து பெண்களைச் சேர்த்துக்கொண்டு தனியாகத் தளம் போடும் வேலை பிடித்தாள். ஐந்து பதினைந்தாகி, பதினைந்து நாற்பதாகியது. சொந்தமாகக் கலவை மிஷின் வாங்கினாள். கையெழுத்தை மட்டும் ஒழுங்காகப் போடக் கற்றுக்கொண்டு, பாங்கில் மானேஜருக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்தாள். யார் தயவும் இல்லை, எல்லாம் தலைச்சுமையில் வந்தது. அவளிடம் வேலைக்கு வரும் பெண்களுக்கு ஒரே சட்டம்: அடிபட்டால் கத்த வேண்டும். கத்தாமல் கட்டுப்போட்டு மறைக்கிறவளுக்கு அன்றைக்குக் கூலி பாதி.

ஆயா ஓய்வு பெற்றுவிட்டாள் என்று கேள்விப்பட்டதும் விசாரித்துக்கொண்டு போனாள். சைக்கிள் கடைக்கு மேலே ஒற்றை அறை. மத்தியான வெயில் தகரத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. ஆயா முழங்கால் இரண்டிலும் எண்ணெய் தடவிக்கொண்டு கட்டிலில் கால் நீட்டியிருந்தாள். கண் மங்கலாகியிருந்தது. ஆனாலும் பார்த்த உடனே, "ஒம்போதாம் நம்பரா, வா" என்றாள்.

"ஞாபகம் இருக்கா ஆயா?"

"மறக்க விட்டியா நீ. கடன்பட்டவ கடன் குடுத்தவளத் தொரத்துறத நான் உங்கிட்டதான் பாத்தேன்."

சிமிட்டி பர்ஸை எடுத்தாள். ஆயா கையைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டாள்.

"ஏன் ஆயா வாங்க மாட்டேங்கற? அவன் புள்ள இல்லையா?"

ஆயா வெகுநேரம் முழங்காலையே தேய்த்துக்கொண்டிருந்தாள். "அன்னைக்கு நர்ஸம்மா எங்கிட்ட கேட்டாங்க, யாருக்குக் கிட்ட வந்துருக்கு, பாத்துச் சொல்லுன்னு. அவங்க ரெண்டு பேரு, நாந்தான் அவங்களுக்குக் கண்ணு. நான் சொன்னேன், எட்டாம் நம்பரப் பாருங்க, பத்து நிமிஷம் தாங்காது, ஒம்போது சாயங்காலம் ஆகும், சத்தமே இல்லன்னு. உன் துணியத் தூக்கிப் பாக்கலடி நான். காதால பாத்தேன். முப்பது வருஷமா காதாலதான் பாத்தேன், அன்னைக்கு வரைக்கும் தப்பினதில்ல. அப்புறம் எந்தக் கைய நீட்டச் சொல்ற?"

சிமிட்டி எழுந்து வெளியே போனாள். கீழே சைக்கிள் கடைக்காரன் ட்யூப்பைத் தண்ணீரில் முக்கி ஓட்டை தேடிக்கொண்டிருந்தான். படியில் நின்று அதையே பார்த்தாள். அப்படியே இறங்கிப் போய்விடலாம் என்றும் இருந்தது. இறங்கவில்லை. திரும்பி வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"நீ பாத்திருக்கணும் ஆயா."

"ஆமா."

"மூணு தடவ கேட்டே. நான் பரவால்லன்னேன். நானும் கத்தியிருக்கணும்."

ஆயா அதற்கு இல்லை என்று சொல்லவில்லை.

"அது வேற கணக்கு" என்றாள் சிமிட்டி. "அது எனக்கும் உனக்கும் தீராது. இது முகம் காட்டின கணக்கு. எல்லாரும் வேணாம்னாங்க, நீதான் தூக்கிட்டு வந்து காட்டினே."

"இப்ப ஆயிரம் வாங்குறாளுங்களாம்."

"அன்னைக்கு ஐந்நூறுதான்."

ஆயாவுக்கு லேசாகச் சிரிப்பு வந்தது. பிறகு சொன்னாள், "காது மடங்கி இருந்துச்சு அவனுக்கு. பாத்தியா?"

சிமிட்டி பார்க்கவில்லை. தலையைச் சுற்றித் துணி இருந்தது. பதினோரு வருஷமாக அவளுக்குத் தெரிந்தது நெற்றி, மூக்கு, வாய், மோவாய் மட்டும்.

"எந்தக் காது?"

"வலது. இலை மடிஞ்ச மாதிரி. நான் நீவி விட்டேன், மறுபடி மடங்கிக்கிச்சு."

சிமிட்டிக்கு அப்போதுதான் வந்தது. தோள் குலுங்க, வாய்விட்டு, கீழே சைக்கிள் கடைக்காரன் நிமிர்ந்து பார்க்கிற அளவுக்கு அழுதாள். ஆயா நிறுத்தச் சொல்லவில்லை. அடங்கியதும் புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பர்ஸைத் திறந்தாள். மாமியார் பஸ் காசில் சேர்த்த அதே நோட்டுகள், மடிப்பில் நைந்திருந்தன.

ஆயா தலையணைக்குக் கீழிருந்து கையை எடுத்தாள். எண்ணெய்க் கையைப் புடவையில் துடைத்தாள். ஆஸ்பத்திரிக் கதவில் நீட்டுவாளே, அதே மாதிரி விரலை விரித்து நீட்டினாள்.

"என்ன புள்ள?" என்று கேட்டாள்.

"ஆம்பளப் புள்ள" என்றாள் சிமிட்டி. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து என்று அந்த உள்ளங்கையில் எண்ணி வைத்தாள்.